டிஜிட்டல் நாணயத்தைப் படிப்பவர் உலகத்தை ஏன் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் ஞாயிறு மாலைகளில் பணத்தைப் பற்றிப் படிக்கும் வட்டம் ஒன்றை நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், கடை வைத்திருப்பவர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் வருகிறார்கள். பெரும்பாலானோர் பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தின் விலையைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். சில வாரங்களில் அவர்களுடைய கேள்விகள் ரிசர்வ் வங்கி, வட்டி, தங்கம், வரலாறு என்று திசை மாறிவிடுகின்றன. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எங்கள் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இது முதலீட்டு ஆலோசனை அன்று.

ஒரு நாணயத்தைப் பற்றிப் படித்தால் உலகப் பார்வை மாறுமா? மிகைப்படுத்துகிறீர்களா?

மிகை இல்லை. பணத்தை நாம் எண்ணுகிறோம், சேர்க்கிறோம், கடன் கொடுக்கிறோம், அதற்காகச் சண்டை போடுகிறோம். அது என்ன என்று மட்டும் கேட்பதே இல்லை. பிட்காயினைப் புரிந்துகொள்ள முயல்பவர் முதல் நாளே கேட்கும் கேள்வி, "இதற்குப் பின்னால் எதுவுமே இல்லையே, எப்படி மதிப்பு வந்தது?" என்பது. அதைக் கேட்ட வாய் சும்மா இருக்காது. "ரூபாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று அடுத்துக் கேட்டுவிடும்.

ஒரு நூறு ரூபாய் நோட்டைப் படித்துப் பாருங்கள். வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதி சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறார். ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கே அதை எடுத்துச் சென்றாலும் கிடைக்கப்போவது வேறு நோட்டுகளோ நாணயங்களோதான், தங்கம் கிடைக்காது. ஒரு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழியும் இருக்காது. அதை மத்திய அரசு வெளியிடுகிறது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுகிறார். மற்ற நாட்டு மத்திய வங்கிகள் கொண்டுவரும் டாலருக்குத் தங்கம் தருவோம் என்று அமெரிக்கா சொல்லிவந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் அதையும் நிறுத்தினார். அன்றிலிருந்து உலகின் பெரிய நாணயங்கள் எல்லாம் அரசுகளின் வாக்கிலும் வரி வாங்கும் அதிகாரத்திலும்தான் நிற்கின்றன.

இதைக் கேட்டுச் சிலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குதான் பணம். அந்தக் கணக்கை எழுதுபவர் யார், திருத்தும் அதிகாரம் யாருக்கு, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது? இந்த மூன்று கேள்விகளும் மனத்தில் பதிந்துவிட்டால் அவை பணத்தோடு நிற்பதில்லை. நிலப் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் அவற்றைக் கேட்கத் தொடங்கிவிடுவீர்கள். உலகப் பார்வை மாறுகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

வங்கியில் இருக்கும் என் பணம் என்னுடையதுதானே?

வங்கிக் கணக்கில் போட்ட பணம், சட்டப்படி நீங்கள் வங்கிக்குக் கொடுத்த கடன். வங்கி அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறது. வங்கி நொடித்துப்போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. வீட்டை விற்ற பணம் முழுவதையும் ஒரே கணக்கில் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் வட்டத்தில்தான் முதன்முதலாக இதைக் கேள்விப்படுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

சென்னைக்கு இந்தப் பாடம் புதிது அன்று. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேய வங்கி நிறுவனம் மதராஸில் நொடித்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், சிறு வணிகர்கள் என ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காக 18 மாதம் சிறைத் தண்டனை பெற்றார். வைப்பாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்து நின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி இயங்கத் தொடங்கியது.

இதை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008-இல் உலக வங்கிகள் ஆட்டம் கண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று உருவான பிட்காயின் கணக்கின் முதல் பக்கமான முதல் தொகுதிக்குள், வங்கிகளுக்கு இரண்டாவது முறை மீட்பு நிதி தரும் நிலையில் பிரிட்டன் நிதியமைச்சர் இருக்கிறார் என்ற லண்டன் நாளிதழ்த் தலைப்பு பொதிந்து வைக்கப்பட்டது. நம்பிக்கை உடைந்தபோது மதராஸ்காரர்கள் இன்னும் நல்ல நிறுவனம் ஒன்றைக் கட்டினார்கள். நகமோட்டோ, நிறுவனமே இல்லாத கணக்கு முறை ஒன்றைக் கட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, "வங்கிகள் ஒழிக" என்றோ "பிட்காயின் வெறும் சூதாட்டம்" என்றோ எளிதாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

கூகுள் பே, போன்பே எல்லாம் டிஜிட்டல் நாணயம்தானே?

இல்லை. 2016-இல் வந்த யுபிஐ முறை, உங்கள் வங்கிக்கும் கடைக்காரர் வங்கிக்கும் இடையே தகவல் அனுப்பும் வழி. நகர்வது வங்கிக் கணக்கில் இருக்கும் பழைய ரூபாய்தான்.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனையாகத் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய் வேறு. அது நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கி நேரடியாக உங்களுக்குப் பட்ட கடன். சட்டப்படி செல்லும், வட்டி கிடையாது. பிட்காயின் மூன்றாவது வகை. அதற்கு வெளியிடும் அலுவலகமும் இல்லை, கடன்பட்டவரும் இல்லை.

டிஜிட்டல் ரூபாயில் குடிமக்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தச் செலவுக்கு மட்டும், இந்தத் தேதிக்குள் மட்டும் என்று நிபந்தனை எழுதிப் பணத்தை அனுப்ப அதில் வழி இருக்கிறது. உரத்துக்கான மானியம் உரத்துக்கே போய்ச் சேர அது உதவலாம். ஆனால் நிபந்தனையை எழுதும் அதிகாரம் யாரிடம், அதற்கு வரம்பு என்ன என்பதைச் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பேச வேண்டும். பேச வைப்பதற்கு முதலில் மக்களுக்கு இது புரிய வேண்டும்.

நடுவில் வங்கி இல்லாமல் பிட்காயின் எப்படி நடக்கிறது?

ஒரு கோப்பைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். ஒரே காசைப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் அது பணம் ஆகாது. கணினியில் காசு செய்ய முயன்றவர்கள் எல்லாம் பல ஆண்டுகள் இந்த இடத்தில்தான் நின்றார்கள். டேவிட் சாம் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் நடுவில் நம்பகமான வங்கியை வைத்து இதைத் தீர்த்தது. 1998-இல் நிறுவனம் திவாலானதும் அந்தக் காசும் போய்விட்டது.

நம் தெருக்களில் நடக்கும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு நடத்தும் அம்மா ஒரு நோட்டில் எழுதுகிறார். அவர் ஊரை விட்டுப் போனால் கணக்கும் போய்விடும். சீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் எல்லோருடைய வரவையும் பற்றையும் தங்கள் நோட்டிலும் எழுதிவந்தால் ஒருவர் மட்டும் மாற்றி எழுத முடியாது. பிட்காயினில் உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகள் அதே கணக்கை வைத்திருக்கின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம் சேர்கிறது. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் கடினமான ஒரு கணக்குப் புதிரோடு போட்டி போடுகின்றன. வெல்பவருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமப்பதால், பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவர் அதற்குப் பின்வந்த எல்லாப் பக்கங்களின் உழைப்பையும் மீண்டும் செய்தாக வேண்டும்.

இதைக் கரும்பலகையில் வரைந்து முடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். முன்பின் தெரியாதவர்கள், ஒருவரையொருவர் நம்பாதவர்கள், ஒரே கணக்கை ஒப்புக்கொள்ள முடியும் என்பது மனிதர்களைப் பற்றிய பெரிய செய்தி. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் செய்தி மாறாது.

பிட்காயின் 2 கோடியே 10 லட்சம்தான் இருக்கும் என்கிறார்கள். அதில் என்ன விசேஷம்?

ஆரம்பத்தில் ஒரு தொகுதிக்கு, அதாவது மேலே சொன்ன ஒரு பக்கத்துக்கு, 50 நாணயங்கள் பிறந்தன. 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அது பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

இதைப் படித்ததும் விலைவாசியைப் பற்றிய நம் எண்ணம் மாறுகிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் விலை இரண்டு மடங்காகும். பீரோவில் வைத்த ரூபாய் அதே காலத்தில் பாதி பலம் இழக்கும். அடகுக் கடையும் சவரன் கணக்கும் நம் குடும்பங்களில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றின என்பதற்கு விளக்கம் கிடைக்கிறது. நம் பாட்டிமார்கள் தங்கம் வாங்கியது ஆசையால் மட்டும் அன்று. அவர்கள் கைக்கு எட்டிய பாதுகாப்பு அதுதான்.

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பாதிப் பாடத்தோடு போகிறார்கள். அளவு எளிதில் கூடாத கடினமான பணம் எளியவர்களைக் காக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. 1927 முதல் காலனி அரசு ஒரு ரூபாய் 18 பிரிட்டிஷ் பென்ஸ் என்று கட்டிவைத்தது. 1929-க்குப் பின் உலகப் பெருமந்தம் வந்து விளைபொருள் விலை சரிந்தபோதும் அந்த விகிதத்தைத் தளர்த்தவில்லை. வரியும் கடனும் அப்படியே இருக்க, நெல் விலை மட்டும் விழுந்தது. விவசாயக் குடும்பங்கள் நகைகளை விற்றன. 1931 செப்டம்பரில் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்கத் தரத்தைப் பிரிட்டன் கைவிட்ட பிறகு அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக நாட்டை விட்டுப் போனது. இறுகிய பணம் கடன் வாங்கியவரைப் பிழியும். தளர்ந்த பணம் சேமிப்பவரை அரிக்கும். பிட்காயின் ஆதரவாளர்கள் இரண்டாவதை மிக நன்றாகப் பேசுகிறார்கள், முதலாவதைப் பேசத் தயங்குகிறார்கள். எங்கள் வட்டத்தில் இரண்டையும் ஒரே மாலையில் பேசுவது என்று வைத்திருக்கிறோம்.

2016-ஐ நாங்கள் வரிசையில் நின்றே படித்துவிட்டோமே?

உண்மைதான், ஆனால் அந்த அனுபவத்துக்குப் பெயர் சொல்ல நமக்குத் தெரியவில்லை. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அது. பின்னர் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, அதில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டது என்று சொன்னது. கணக்கைத் திருத்தும் அதிகாரம் என்றால் என்ன என்பதை நாடு முழுவதும் உடம்பால் உணர்ந்த காலம் அது.

சென்னைக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, ஏடிஎம்களும் அட்டை தேய்க்கும் கருவிகளும் நின்றன. ஏற்கெனவே கையில் ரொக்கம் இல்லை. பால் வாங்கவும் மெழுகுவத்தி வாங்கவும் வழியில்லாமல் நின்றவர்களைக் காப்பாற்றியது, முகம் தெரிந்த அண்ணாச்சி கடையின் கடன் நோட்டு. யுபிஐ, டிஜிட்டல் ரூபாய், பிட்காயின் மூன்றுமே மின்சாரத்தையும் தொடர்பையும் நம்பியிருக்கின்றன. புயலும் வெள்ளமும் வந்துபோகும் கடற்கரை நகரத்தில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள்.

நம் ரூபாய் நன்றாகத்தானே இருக்கிறது? இதெல்லாம் யாருக்குத் தேவை?

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உறவு உள்ளவர்களைக் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வாழ்நாள் சேமிப்பு வங்கியில் பத்திரமாகவே இருந்தது. அதை வைத்து வாங்கக்கூடியது மட்டும் சுருங்கிவிட்டது. வளசரவாக்கத்தில் இருந்துகொண்டு அங்குள்ள அக்காவுக்கு மருந்து அனுப்பியவர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

இந்தியாவும் விளிம்பு வரை போனதுண்டு. 1991-இல் அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிட்டரமணன். ரூபாய் இன்று நிலையாக இருப்பது பலருடைய கடும் உழைப்பின் பலன். டிஜிட்டல் நாணயத்தைப் படித்த பிறகுதான் எனக்கு மத்திய வங்கி மீது மரியாதை கூடியது. கேள்வி கேட்கும் துணிவும் அதோடு கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக: பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் அவை சட்டப்படி செல்லும் பணமும் இல்லை. 2018 ஏப்ரலில் வங்கிகள் இதில் ஈடுபடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்துக்கு 1 சதவீதம் முன்பிடித்தம். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்தாகும், அதை ஒருவர் பொருட்டு இன்னொருவர் அறங்காவலராக வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்தார். நாணயங்களை வாங்கி விற்க உதவும் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் நாணயம் முடங்கிப்போன ஒருவர் தொடுத்த வழக்கு அது. நிறுவனமே வேண்டாம் என்று பிறந்த ஒன்று, கடைசியில் பாரிமுனை நீதிமன்றப் படியேறித்தான் பாதுகாப்புக் கேட்டது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முறையிட ஓர் இடம் வேண்டும் என்பது மனிதத் தேவை.

மாதம் 10 சதவீதம் தருவதாக ஒரு கிரிப்டோ திட்டம் சொல்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். மாதம் 10 சதவீதம் கூட்டு வட்டியில் ஓராண்டில் பணம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். எந்தத் தொழிலும் அப்படித் தொடர்ந்து தராது. 1990-களில் சென்னையில் நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்து, 1997-இல் வைப்பாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அன்றைய வாக்குறுதிகள்தான் இன்று புதிய பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன. ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் இணையவழிக் குற்றப் புகார் கொடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

மின்சாரத்தை விழுங்குகிறதே?

ஆம். பிட்காயின் ஒரு நடுத்தர நாட்டின் அளவுக்கு மின்சாரம் செலவிடுகிறது. இன்னொரு பெரிய கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பரில் கணக்குப் புதிர்ப் போட்டியைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறித் தன் செலவை 99 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. பிட்காயின் மாறவில்லை. இந்த விலை தகுமா என்பது நியாயமான வாதம், அதில் எங்கள் வட்டத்திலேயே இரு கட்சி.

என் மகன் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். வெறியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு விடையால் உலகத்தின் எல்லாக் கேள்விகளையும் திறக்கலாம் என்ற மயக்கம் இந்தத் துறையில் அதிகம். ஏழ்மை, போர், கல்வி எல்லாவற்றுக்கும் காரணம் கெட்ட பணம்தான் என்று பேசும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அறிவுள்ள பிள்ளைகள்; இன்னும் கொஞ்சம் வரலாறு படித்தால் போதும்.

அவனிடம் விலையைப் பற்றி வாதாடாதீர்கள். 2022 மே மாதம் ஒரு டாலர் மதிப்பில் நிலையாக நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா நாணயம் ஏன் சில நாள்களில் சரிந்தது, நவம்பரில் எஃப்டிஎக்ஸ் பரிமாற்ற நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை என்ன செய்தது என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு சொல்வான். சொல்லும்போது அவனுக்கே பல இடங்கள் தட்டுப்படும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை நாங்கள் எப்படி எடுப்பது?" பிட்காயினைத் தானே காத்துக்கொள்பவர் அதைத் திறக்கும் சாவியான 12 அல்லது 24 சொற்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அவை தொலைந்தால் மேலாளர் இல்லை, புகார் எண் இல்லை, நீதிமன்ற உத்தரவாலும் திறக்க முடியாது. வங்கியில் என்றால் வாரிசு நியமனம் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. முழுச் சுதந்திரமும் முழுப் பொறுப்பும் ஒரே கையில் வந்து சேரும்போது குடும்பம் அதில் எங்கே இருக்கிறது என்பதை அவன் யோசிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பிறகு சில இளைஞர்கள் முதல்முறையாகத் தங்கள் அப்பாவின் காப்பீடு, வைப்புநிதி, நகைக்கடன் விவரங்களை எல்லாம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள்.

வாங்காமல் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும், அப்படித்தான் தொடங்க வேண்டும். கையில் நாணயம் இருந்தால் மனம் விலையின் பின்னால் ஓடும்.

நகமோட்டோவின் ஒன்பது பக்கத்தைப் படியுங்கள். கடைசியில் வரும் நிகழ்தகவுக் கணக்கை முதலில் விட்டுவிடலாம். டிஜிட்டல் ரூபாயைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கருத்துரு அறிக்கையை அடுத்துப் படியுங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கு இடமும் நேரமும் உண்டு. பிறகு ஒருநாள் தங்கசாலையில் நடந்து பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் வந்த பெயர் அது. வராகன் என்ற பொற்காசில் கணக்கு வைத்திருந்த மதராஸ் 1818-இல் வெள்ளி ரூபாய்க்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில் யாருடைய கணக்கு யாரால் எப்படித் திருத்தி எழுதப்பட்டது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தால் உங்களுக்குப் பல மாதங்களுக்கு வேலை இருக்கும்.